தலையில்லாத படம்

என் மனைவியை முதலில் பெண் பார்க்க வந்தவன் நான் அல்ல. கல்யாணமாகி மூன்றாம் மாதம் இதைத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. ஆளைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. பிடிக்காமல் போவதற்கு ஆளைக் காண வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது.

பெயர் குமாரசாமி. டாக்டர். எண்பத்துமூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் கொக்குவிலுக்கு வந்து, என் மாமனார் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, ரதிதேவியைப் பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, சம்மதம் என்று சொல்லிவிட்டு மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனவர். ஆடி மாதம் நாட்டில் கலவரம் வந்தது. கடிதங்கள் நின்றன. சம்பந்தமும் நின்றது. அடுத்த வருஷம் ரதிதேவியை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் அவள் ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சாதாரணமாகச் சொன்னாள். "நல்ல உயரமான ஆள்" என்றும் சொன்னாள். நான் ஐந்தடி நாலங்குலம். சொன்னவள் அன்றைக்கே அதை மறந்திருப்பாள். எனக்கு மறக்கவில்லை.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் கேடில்லை. என் வாய்தான் என்னைக் கெடுத்தது. ஆக்லாந்தில், எல்லர்ஸ்லிப் பக்கம் மின்வேலி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மாடு வேலியில் முட்டினால் சின்னதாக ஒரு அடி கொடுத்துத் திருப்பி அனுப்புகிற பெட்டிதான் எங்கள் சரக்கு. தொண்ணூற்றாறு செப்டெம்பரில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நடக்கிற ஒரு விவசாயக் கண்காட்சிக்கு அந்தப் பெட்டிகளோடு என்னை அனுப்புவதாக முடிவானது. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது இதைச் சற்று உரத்த குரலில் சொன்னேன். அமெரிக்காவுக்குப் போகிறவன் மெல்லிய குரலிலா சொல்லுவான்?

அது கிளென்ஃபீல்டில் இருக்கிற நல்லசாமி மாஸ்டரின் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையே பாலம் தாண்டி, தகனினியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மனுஷன் வந்துவிட்டார்.

"தம்பி நோர்த் டகோட்டாவுக்குப் போறீராமே. என்ர அக்காவின்ர மகன் அங்கதான் டொக்டரா இருக்கிறான். இன்னும் கலியாணம் கட்டேல்லை. எங்கட இராசமலருக்குக் கேட்டுப் பாப்பம் எண்டு கன நாளா ஒரு யோசினை. நீங்கள் அறிஞ்ச பெடியன்தான். குமாரசாமி."

எனக்குத் தேநீர் புரைக்கேறியது. நாற்பத்தாறு வயதுப் பெடியன்! ரதிதேவி "அட, அவரோ!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் அன்று முழுக்க யோசித்தேன்.

இராசமலர் என் மனைவியின் அக்கா. நாற்பத்திரண்டு வயது. முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். எண்பத்தெட்டில் தனியாக ஆக்லாந்துக்கு வந்து, வேலை எடுத்து, எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவள் அவள்தான். எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தங்கையைக் கட்டிக்கொடுத்து, தாயைக் கடைசிவரை பார்த்து, பிறகு எங்களையும் கரை சேர்த்ததில் அவளுடைய வயது போய்விட்டது. அதுவரை வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் தலையாட்டி மறுத்தவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக வேறு பதில் சொன்னாள்.

"விசாரியுங்கோ. நல்ல மனுசன் எண்டால் எனக்கு ஓம்" என்றாள். பிறகு, "குடி மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

அது ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமனார் குடிகாரர். பதினாலு வயதிலிருந்து கள்ளுத் தவறணைக்குப் போய் அவரைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தவள் இராசமலர்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டும். பக்கத்து வீடு, தெரு முடக்குக் கடை, வேலை செய்கிற இடம் என்று நாலு இடத்தில் வாயைக் கிளறினால் உண்மை வெளியே வரும். பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரதிதேவி என் பாஸ்போட்டுக்குள் ஒரு துண்டு எழுதி வைத்தாள். குடி, பெண் தொடர்பு, கோபம், மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

"அதோட ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. முகம் வடிவாத் தெரியவேணும்" என்றாள்.

முகம் வடிவாகத் தெரிய வேண்டுமாம். யாருக்கு? விமானத்தில் பன்னிரண்டு மணி நேரமும் இந்த ஒரு கேள்விதான். சம்பந்தம் சரிவந்தால் அந்த ஆள் எனக்குச் சகலன். ஆயுள் முழுக்கச் சகலன். கல்யாண வீடுகளில் குடும்பப் படம் எடுக்கும்போது ஒரு கரையில் அவர், மறு கரையில் நான், நடுவில் என் மனைவி நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். எனக்கு இறைச்சியா மரக்கறியா என்று கேட்டுக்கொண்டு வந்த பணிப்பெண்ணோடுகூட நான் எரிந்து விழுந்தேன்.

கண்காட்சி மூன்று நாளில் முடிந்தது. நாலாம் நாள் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு வடமேற்கே கிளம்பினேன். லிண்டால் என்ற அந்த ஊருக்கு மூன்று மணி நேர ஓட்டம். அங்கே வலது பக்கத்தில் ஓட்ட வேண்டும். சிக்னல் போடக் கையை வைத்தால் வைப்பர் ஓடுகிறது. மழையே இல்லாத வெயிலில் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, திருப்பங்கள் மிகக் குறைவு. நேராக ஒரு ரோட்டு, அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கோதுமை அறுத்து வெறும் தாள் நின்றது. சூரியகாந்திகள் கறுத்துக் குனிந்து அறுவடைக்கு நின்றன. மலை இல்லை, கடல் இல்லை, ஒரு மேடுகூட இல்லை. மிச்சமெல்லாம் வானம். இவ்வளவு வானத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் வீட்டில் யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மரவேலிதான்.

ஒரு விஷயம் மட்டும் வினோதமாக இருந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரனும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை உயர்த்தினான். முதலில் நான் பிழையான பக்கத்தில் ஓடுகிறேன் என்று சொல்கிறார்களாக்கும் என்று பயந்தேன். பிறகு பார்த்தால் அது வணக்கம். லிண்டாலை நெருங்க நெருங்க விரல்களோடு சிரிப்பும் சேர்ந்தது. சிலர் வண்டியை மெதுவாக்கி எட்டியும் பார்த்தார்கள். எனக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கவில்லை.

ஊர்ப் பலகையில் சனத்தொகை அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. தானியம் சேமிக்கிற உயரமான கொட்டகை, ஒரு தேவாலயம், ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டுக்கடைக்குள் போனேன். ஆறேழு விவசாயிகள் தொப்பியோடு இருந்தார்கள். டாரிஸ் என்று சட்டையில் பெயர் குத்திய வயதான பெண், நான் வாயைத் திறக்கும் முன்பே கோப்பியும், பை என்று அவர்கள் சொல்கிற பழப் பணியாரத்தில் ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"டாக்டரின் தம்பிதானே?" என்றாள். "பார்த்த உடனே தெரிந்தது."

விரல்களின் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்த ஊர்க்காரர் கண்ட மண்ணிறத் தோல்காரர் அவர் ஒருவர்தான். இரண்டாவதாக வந்தவன் தம்பியாகத்தானே இருக்க வேண்டும்? எட்டாயிரம் மைல் தாண்டி வந்தும் நான் அந்த ஆளுக்கு இரண்டாவது. பை நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

தம்பி இல்லை, தெரிந்தவன் என்று சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்கினேன். டாக்டர் எப்படிப்பட்டவர் என்று கேட்டதுதான் தாமதம், புகழத் தொடங்கினார்கள். ஆர்வின் என்ற எண்பது வயதுக்காரர் தன் மனைவி படுக்கையில் கிடந்த நாலு மாதமும் டாக்டர் தினமும் பின்னேரம் வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார் என்றார். மருந்து கொடுக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் வந்தாராம். இன்னொருவன், தை மாதப் பனிப்புயலில் ரோட்டே தெரியாதபோது, பனி தள்ளுகிற வண்டியில் ஏறி வந்து தன் மகளுக்குப் பிரசவம் பார்த்ததைச் சொன்னான். அந்தக் குழந்தைக்கு நடுப்பெயர் குமார் என்று வைத்திருக்கிறார்களாம். நோர்வே வம்சத்துப் பிள்ளைக்குக் குமார்! ஆக்லாந்தில் என் சொந்த மேலதிகாரி ஆறு வருஷமாக என் பெயரைப் பாதிக்கு மேல் உச்சரித்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்லவன் உலகத்தில் இருக்க முடியாது; எங்கேயோ ஒரு ஓட்டை இருக்க வேண்டும். நேரடியாகவே கேட்டேன். அவர் குடிப்பாரா? வீட்டுக்கு ஏதாவது பெண் வந்து போகிறாளா? கோபம் வந்தால் கை நீட்டுவாரா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாரிஸ் பாதி மீந்திருந்த பைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நீ எந்த இலாகா?" என்று ஆர்வின் கேட்டார். "விசா இலாகாவா?"

இல்லை, குடும்ப விஷயம் என்றேன். அவர்கள் நம்பவில்லை. எந்தக் குடும்பத்தில் இப்படி விசாரிப்பார்கள்? டாக்டரை நாட்டைவிட்டு அனுப்ப ஆள் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பெரிய உருவம் எழுந்து போய் என் காரின் பின்னால் தன் ட்ரக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து மீண்டும் கோப்பி குடித்தது. ஆர்வின் தொலைபேசியை எடுத்தார்.

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. குனிந்து உள்ளே வந்தார். குனியாமல் வர முடியாத உயரம். வழுக்கையாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். அதுவும் இல்லை.

"குடிக்கிறானோ, பொம்பிளை இருக்கோ எண்டு ஒரு ஆள் விசாரிக்குது எண்டு கோல் வந்தது" என்றார் சுத்தமான தமிழில். "உடன விளங்கிற்று, எங்கட ஆக்கள்தான் எண்டு. மாமா அனுப்பினவரோ? வாங்கோ தம்பி, வீட்டை போவம்."

தம்பி! அவர் வாயாலும் தம்பி! அவர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். கடை முழுக்க ஒரே சிரிப்பு. ட்ரக்கை நிறுத்தியவன் வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். டாரிஸ் புதிதாக ஒரு துண்டு பையைச் சுற்றிக் கையில் தந்தாள். அவமானம் என்னை நெற்றிவரை சுட்டது. விசாரிக்க வந்தவனை விசாரித்து அனுப்பிய ஊர் அது.

வீடு சின்னது, மரவீடு. பின்பக்கக் கதவைத் திறந்தால் வயல். ஒரு நோயாளி ஏரியில் பிடித்துக் கொடுத்த மீனைக் குழம்பு வைத்திருந்தார். நான் மனதுக்குள் குறை தேடிக்கொண்டே சாப்பிட்டேன். புளி அளவாக இருந்தது. உறைப்பு அளவாக இருந்தது. ரதிதேவியின் குழம்பைவிட நன்றாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நான் யார் வீட்டு மருமகன் என்று வழியில் கேட்டறிந்திருந்தவர், "உங்கட மிஸிஸ் சுகமோ?" என்று கேட்டார். நான் சோற்றில் கையை நிறுத்தினேன். இதற்காகத்தான் காத்திருந்தேன். எப்படிக் கேட்கிறார், கேட்கும்போது கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "அவவின்ர பெயர்... குறை நினைக்காதேங்கோ தம்பி. மனோவோ? வசந்தியோ?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பெயர் ஞாபகம் இல்லையாம்! ரதிதேவியைப் பார்த்துவிட்டு ஒருவன் அவள் பெயரை மறப்பானா? சம்மதம் சொன்னவன் மறப்பானா? நான் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ என் மனைவியை யாரோ அவமதித்ததுபோல உடம்பு பற்றி எரிந்தது. பன்னிரண்டு வருஷம் நான் ஒரு ஆளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்த ஆள் களத்துக்கே வரவில்லை.

"ரதிதேவி" என்றேன்.

"ஓம் ஓம். ரதிதேவி." பிறகு அவர் குரல் கொஞ்சம் மாறியது. "அண்டைக்கு அவவின்ர அக்கா நர்ஸ் உடுப்போட டியூட்டிக்குப் போக நிண்டவ. சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற் வரைக்கும் போனவ, திரும்பி வந்து, 'டொக்டர், வடை ஆறப்போகுது, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ' எண்டுபோட்டு ஏறிப் போயிற்றா. வந்தது தங்கச்சியைப் பாக்க. நான் எப்பிடி வாயைத் திறந்து அக்காவைக் கேக்கிறது? மாமா போன மாசம் இராசமலர் எண்டு பெயர் சொன்னவுடன, எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது."

மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் தண்ணீர் குடித்தேன். என்னைப் பற்றி இப்படி ஒரு ஞாபகத்தைப் பதின்மூன்று வருஷம் யாராவது வைத்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் தட்டுப்படவில்லை.

புறப்படும்போது ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் வீட்டு நம்பரை எழுதித் தந்தார். "அவவிட்டக் குடுங்கோ. விருப்பம் எண்டால் எடுக்கட்டும். விருப்பமில்லாட்டி ஒரு வில்லங்கமும் இல்லை."

கார்டைப் பர்ஸுக்குள் வைத்தேன். கராஜ் வாசலில் நாலு பெரிய பை நிறைய வெறும் பியர் டின்கள் கிடந்தன. நான் பார்ப்பதைக் கண்டு, விற்கிற காசில் ஊர் வாசிகசாலைக்குக் கூரை போட ஆட்கள் சேர்த்துத் தருகிற பழைய டின்கள் என்றும், தான் தொடுவதில்லை என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

படம் எடுக்க வேண்டும் என்றேன். சுருளில் கடைசிப் படம். அவர் தன் ட்ரக்கின் பக்கத்தில் போய் நேராக நின்றார். கமெராவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்ல முகம். வெயில் பட்டு இன்னும் நல்ல முகமாகத் தெரிந்தது. இதை ரதிதேவி மேசையில் வைத்துக் குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே நான் இருப்பேன். என் கை தானாக இறங்கியது என்று சொன்னால் அது பொய். நான்தான் இறக்கினேன். கழுத்துவரை வந்ததும் பொத்தானை அமத்தினேன்.

ஆக்லாந்துக்கு வந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் காத்திருந்தார்கள். ரதிதேவி, இராசமலர், ஒன்பது வயது மகள் பிரணவி. நான் வானத்தைப் பற்றிச் சொன்னேன். வைப்பரைப் பற்றிச் சொன்னேன். பனிக்காலத்தில் எச்சில் துப்பினால் நிலத்தில் விழும் முன் உறைந்துவிடுமாம் என்று சொன்னேன்.

"அது கிடக்கட்டும். ஆள் எப்பிடி?" என்றாள் ரதிதேவி.

இராசமலர் என்னைப் பார்க்கவில்லை. அப்பளத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் பரவாயில்லை. வேலையில நல்ல பெயர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கராஜ் நிறைய பியர் டின். நாலு பை. நானே கண்டனான்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எனக்கே இன்றைக்கும் அருவருப்பான விஷயம். இராசமலர் உடைத்த அப்பளத்தை வாயில் வைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கழுவினாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

"குடியெண்டா வேண்டாம்" என்றாள் ரதிதேவி தாழ்ந்த குரலில். "வாற சனிக்கிழமை மாஸ்டருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுறன்."

அந்த வாரம் நன்றாகப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. இராசமலர் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். வழக்கம்போல எனக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டி வைத்தாள். மோட்டார்வேயில் வண்டிகள் ஊரும்போது பக்கத்துச் சீட்டில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். பர்ஸுக்குள் கார்டு இருக்கும். எல்லர்ஸ்லிக்குப் போய்ச் சேரும்வரை இரண்டும் என்னோடு கதைத்துக்கொண்டு வரும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திங்கள் நினைத்தேன், செவ்வாய் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் ரதிதேவியின் முகத்தைக் கண்டதும் அந்த உயரமான ஆள் கதவைக் குனிந்து திறந்துகொண்டு உள்ளே வருவதுபோல இருக்கும். வாயை மூடிக்கொள்வேன்.

படச் சுருளை நான் மறந்துவிட்டதாக நடித்தேன். இராசமலர் மறக்கவில்லை. என் பயணப் பையிலிருந்து அவளே எடுத்துப் பாப்பகுரா மருந்துக்கடையில் கழுவக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் படங்களோடு வந்து மேசையில் பரப்பினாள். முப்பத்தாறு படம். எங்கள் பெட்டிகள், கண்காட்சி, மாடுகள், ரோட்டு, வானம், வானம், இன்னும் வானம். கடைசிப் படத்தைப் பிரணவிதான் தூக்கினாள்.

"அப்பா, வேர் இஸ் ஹிஸ் ஹெட்?"

ஒரு ட்ரக், ஒரு நீலச் சட்டை, இரண்டு நீளமான கை, காலில் ஒரு சோடிச் சப்பாத்து. கழுத்துக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

"ஆள் கனக்க உயரம். அதுதான் தலை வெட்டுப்பட்டுப் போச்சு" என்றேன்.

இராசமலர் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தானியக் கொட்டகையின் படம் ஒன்றைத் தனியாக எடுத்துத் தலையில்லாத படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நூறடிக் கொட்டகை. உச்சியில் இருந்த கம்பிவரைக்கும் முழுசாகப் படத்துக்குள் விழுந்திருந்தது.

"தம்பி" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். "அந்தாள் குடிகாரன் எண்டால் நீங்கள் தலையோடதான் எடுத்திருப்பியள். கண் சிவந்ததும் தெரியிற மாதிரிக் கிட்டப் போய் எடுத்திருப்பியள். நான் இருபது வருசமா நர்ஸ். ஒருத்தருக்கு எங்க நோகுது எண்டு அவர் எதை மூடிப் பிடிக்கிறார் எண்டதில தெரியும்."

ரதிதேவி தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள். மாஸ்டரின் நம்பரைச் சுழற்றத் தயாராக ரிசீவர் கையில் இருந்தது. அதை மெதுவாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் பர்ஸை எடுத்தேன். கார்டை மேசையில் வைத்தேன். ஒரு வாரம் என் உடம்புச் சூட்டில் கிடந்து அது வளைந்திருந்தது.

"அந்த டின்கள் வாசிகசாலைக்குச் சேர்த்தது. அவர் குடிக்கிறேல்லை" என்றேன். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் இந்த முறை நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. "நீங்கள் டியூட்டிக்குப் போகேக்க கேற்றடியில இருந்து திரும்பி வந்து, வடை ஆறப்போகுது, சாப்பிடுங்கோ எண்டனீங்களாம். அதை இன்னும் ஞாபகம் வைச்சிருக்கிறார். அந்தச் சைக்கிளையும்."

இராசமலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வடையோ?" என்றாள். "அதுக்கு உப்புக் கூட. நான்தான் சுட்டனான்." சொல்லிவிட்டு, நாற்பத்திரண்டு வயதில், பத்து வயதுப் பிள்ளைபோல முகம் சிவந்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டாகப் போகிறது, அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு. கார்டையும் தலையில்லாத படத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் வேண்டாம், யாரும் வேண்டாம், தானே கதைப்பேன் என்று சொல்லித் தொலைபேசியை வயரோடு முன்னறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

பிரணவி டீவி பார்க்கப் போய்விட்டாள். மேசையில் வானப் படங்களும் நானும் ரதிதேவியும் மட்டும் மிஞ்சினோம். கதவுக்குப் பின்னால் இருந்து இராசமலர் சிரிப்பது கேட்டது. இந்த வீட்டில் ஆறு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"முகம் வடிவாத் தெரியவேணும் எண்டு நீர்தானே சொன்னது" என்றேன் நான். கேட்டுத் தொலைத்துவிடுவோம் என்று வந்துவிட்டது. "பாக்க ஆசையா இருந்ததோ?"

ரதிதேவி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"என்னப்பா நீங்கள். அந்தாளின்ர முகம் எனக்குத் தெரியவே தெரியாது. பெண் பாக்க வந்த அண்டைக்கு நான் நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். கண்டது ரெண்டு சப்பாத்து. உயரம் எண்டதும் அம்மா சொல்லித்தான் தெரியும். அக்காவுக்கு எப்பிடி முகம் வாய்ச்சிருக்கு எண்டு பாக்கத்தான் படம் கேட்டனான்." அடுக்கிய படங்களை உறைக்குள் போட்டாள். "நீங்கள் எடுத்த படத்தில நான் அண்டைக்குக் கண்டது அப்பிடியே கிடக்கு."

சமையலறைக்குப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அவர் என்னை நினைக்கேல்லை. நான் அவரை நினைக்கேல்லை. பன்னிரண்டு வருசமா அந்த மனுசனையே நினைச்சுக்கொண்டு இருந்தது இந்த வீட்டில நீங்கள் ஒராள்தான்" என்றாள்.